வடசென்னையில் உள்ள மாநகராட்சி ஊழியர்களுக்கான பேரிடர் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் பகுதிகளில் பேரிடர் பயிற்சி நடக்கும்போது வகுப்பில் பெரும்பாலும் யாரும் வாயைத் திறப்பதில்லை. டீ இடைவேளையில்தான் சந்தேகங்கள் வரும். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறோம். வடசென்னைக்கு மழை, கடல், ஆலை என்று மூன்று பக்கமிருந்தும் ஆபத்து வரும். மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. அது கைப்பழக்கமாக வரும்வரை பயிற்சி முடிந்ததாகாது.

நான் சொத்து வரி செக்‌ஷன் கிளார்க். மழை வந்தா இன்ஜினியருங்க பாத்துப்பாங்க. எனக்கு எதுக்கு சார் இந்த ட்ரெயினிங்?

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 41-வது பிரிவில் உள்ளாட்சி அமைப்புகளின் கடமைகளைச் சொல்கிறது. அதில் முதலாவது, தன் அலுவலர்களுக்கும் ஊழியர்களுக்கும் பேரிடர் பயிற்சி கிடைத்திருப்பதை உறுதி செய்வது. அடுத்தது, கருவிகளை எடுத்த எடுப்பில் பயன்படும் நிலையில் வைத்திருப்பது. இன்ஜினியர் வேறு, கிளார்க் வேறு என்று அந்தச் சட்டம் பிரிக்கவில்லை.

நடைமுறையிலும் அப்படித்தான். பெருமழை பிடித்தால் வரி வசூல் நின்றுவிடும். உங்களை முகாம் பதிவேட்டுக்கோ, புகார் தொலைபேசிக்கோ, உணவுப் பொட்டலக் கணக்குக்கோ அனுப்புவார்கள். அதோடு, எந்தத் தெருவில் மாடி இல்லாத வீடுகள், எந்தக் கதவு எண்ணில் பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் தெருத்தெருவாக வரி கேட்டு நடந்த உங்களுக்குத்தான் தெரியும்.

தொலைபேசியில் உட்கார்ந்தால் ஐந்து விஷயங்களைக் கேட்டு எழுதாமல் வைக்காதீர்கள்: கதவு எண்ணும் தெருவும், பக்கத்தில் உள்ள அடையாளம், தண்ணீர் கணுக்கால் அளவா முழங்கால் அளவா இடுப்பு அளவா, ஏறுகிறதா இறங்குகிறதா, நடக்க முடியாதவர் யாராவது இருக்கிறார்களா. ‘தண்ணி நிக்குது சார்’ என்று மட்டும் எழுதிவைத்த புகாரை வைத்து யாரை முதலில் மீட்பது என்று முடிவு செய்ய முடியாது.

ரெட் அலர்ட்னா எவ்ளோ மழை? ஆரஞ்சுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதிகனமழை. நிறம் சொல்வது நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை: மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் இறங்கிச் செயல்படு. மழை அளவோடு பாதிப்பு எவ்வளவு இருக்கும் என்பதையும் சேர்த்தே நிறம் குறிக்கப்படுகிறது. இன்னொன்று, வானிலைக்காரர்களின் ஒரு நாள் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் 8.30-க்கு முடியும். ‘நேத்து மழை’ என்று வரும் எண்ணை அப்படித்தான் படிக்க வேண்டும்.

மில்லிமீட்டரைத் தண்ணீராக மாற்றிப் பார்க்கப் பழகுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் 100 மி.மீ. பெய்தால் 10 கோடி லிட்டர். அது எந்த வழியாக வெளியே போகும் என்பதுதான் நம் கேள்வி.

ட்ரெயினிங்னு கூட்டிட்டு வந்து படம் போட்டுக் காட்டி அனுப்பிடுறாங்க. அது போதுமா?

போதாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பர் முடிவதற்குள் ஒவ்வொருவரும் குறைந்தது நான்கு வேலைகளைத் தன் கையால் செய்து பார்த்திருக்க வேண்டும்: பம்பைக் கிளப்பி நிறுத்துவது, முகாம் பள்ளியின் பூட்டைத் திறப்பது, பொம்மையின் மேல் மார்பு அழுத்தம் கொடுப்பது, தன் வார்டு வரைபடத்தைப் பார்க்காமல் வாயால் சொல்வது. வகுப்பில் இதில் எது இல்லையோ அதைக் கேட்டு வாங்குங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினால் இழப்பு உங்களுக்கும் உங்கள் தெருக்காரர்களுக்கும்தான்.

வார்டு மேப் வரைஞ்சு வைங்கன்றாங்க. அதுல என்னென்ன இருக்கணும்?

அச்சடித்த அழகான வரைபடம் தேவையில்லை. ஒரு பெரிய சார்ட் தாளில் தெருக்களைப் போட்டு, கடந்த மழைகளில் எங்கே முதலில் தண்ணீர் நின்றது, எங்கே கடைசியில் வடிந்தது என்று நீல பென்சிலால் குறியுங்கள். இதற்கு அந்தத் தெருவில் இருபது வருடமாக இருக்கும் இட்லிக்கடை அக்காவைக் கேளுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறையை அவரே தொட்டுக் காட்டுவார். பிறகு ஒவ்வொரு மழைநீர் வடிகாலும் எங்கே போய்ச் சேருகிறது என்று அம்புக்குறி போடுங்கள். ஓட்டேரி நல்லா ஓடை, கேப்டன் காட்டன் கால்வாய், கொடுங்கையூர் கால்வாய் எல்லாம் கடைசியில் பக்கிங்ஹாம் கால்வாயில்தான் விழுகின்றன. அந்த வாய் அடைத்தால் மேலே எத்தனை தெரு பின்னோக்கி நிரம்பும் என்பது வரைபடத்தில் தெரிய வேண்டும்.

அடுத்து மின்சாரம்: டிரான்ஸ்ஃபார்மர், தெருவோர பில்லர் பாக்ஸ், தண்ணீர் நிற்கும் இடத்துக்குள் வரும் மின்கம்பங்களின் எண்கள். அதன்பின் ஆட்கள்: படுத்த படுக்கையாக இருப்பவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், எட்டு ஒன்பது மாதக் கர்ப்பிணிகள். நகர்ப்புற சுகாதாரச் செவிலியரிடமும் அங்கன்வாடியிலும் இந்தப் பெயர்கள் பாதிக்கு மேல் கிடைக்கும். கடைசியாகச் சாவிகள்: முகாம் பள்ளி, சமுதாயக் கூடம், பம்ப் அறை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர், இரண்டு தொலைபேசி எண்கள். நள்ளிரவில் ஒருவர் எடுக்கவில்லை என்றால் இன்னொருவர் எடுக்க வேண்டும்.

இதை லேமினேட் செய்து வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். கைபேசிக்குள் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் தீர்ந்ததும் அதுவும் போய்விடும்.

எங்க ஏரியாவுல மழையே விட்டுடுச்சு. அப்புறமும் தண்ணி ஏறுது. எங்கேர்ந்து வருது?

மணலி புதுநகர், சடையங்குப்பம் ஊழியர்கள் அதிகம் கேட்பது இது. பூண்டி ஏரி நிரம்பினால் உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் வரும். புழல் ஏரியின் உபரிக் கால்வாயும் வடகரை, மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர்ப் பக்கம் வந்து சேரும். பூண்டியின் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி, புழலுக்கு 3,300. ஆகவே உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும், மேலே திருவள்ளூர்ப் பக்கம் பெய்த மழை பிறகு உங்களிடம் வரும். ‘வினாடிக்கு இத்தனை கன அடி திறப்பு’ என்ற அறிவிப்பைத் தினமும் பாருங்கள். ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். 1,000 கன அடி என்றால் வினாடிக்கு 28,000 லிட்டர்.

இரண்டாவது காரணம் கடல். இந்தத் தண்ணீரெல்லாம் எண்ணூர் முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் ஆறு உள்ளே தள்ளப்படும். ஒரு நாளில் கடல் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும், ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே சுமார் ஆறு மணி நேரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். புயல் காற்று கரையைப் பார்த்து அடித்தால் இன்னும் மோசம். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தால் இறங்குகிற நேரத்திலும் முழுதாக வடியாது. கடல் ஏறும் நேரம் தெரிய வேண்டுமானால் மீனவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கு அது மனப்பாடம்.

மோட்டார் வெச்சு ராத்திரி பூரா ஓட்டினோம். தண்ணி ஒரு இன்ச் கூட இறங்கல. என்ன தப்பு பண்ணோம்?

முதலில் கணக்கைப் பாருங்கள். 200 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலமுள்ள தெருவில் 30 செ.மீ. தண்ணீர் நின்றால் அது 3,60,000 லிட்டர். ஒழுங்காக ஓடும் 10 எச்.பி. டீசல் பம்ப், மொத்தம் எட்டு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும்போது, மணிக்குச் சுமார் 1,50,000 லிட்டர் தள்ளும். ஆக இரண்டரை மணி நேர வேலை. ஆனால் அந்தத் தெருவுக்கு நான்கு ஹெக்டேர் பரப்பிலிருந்து தண்ணீர் வந்து, மணிக்கு 20 மி.மீ. மழையும் பெய்துகொண்டிருந்தால், ஒரு மணி நேரத்தில் 8,00,000 லிட்டர் உள்ளே வரும். ஐந்து பம்ப் வைத்தாலும் ஈடு கொடுக்காது. மழை விட்டபின் தேங்கியதை இறக்கத்தான் பம்ப். கொட்டுகிற நேரத்தில் ஆட்களை மேட்டுக்கு மாற்றுவதில் கவனம் வையுங்கள்.

மழை விட்ட பிறகும் இறங்கவில்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, வெளியேற்றும் முனை. அதே வடிகாலில் இருபதடி தள்ளி விட்டிருந்தால் தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். மேலே சொன்ன வரைபட அம்புக்குறியைப் பார்த்து, வடிகிற கால்வாயில் விடுங்கள். இரண்டு, உறிஞ்சும் பக்கம். அங்கே கம்பிச்சுருள் வைத்த விறைப்பான ஹோஸ்தான் வேண்டும். மடிகிற துணி ஹோஸைப் போட்டால் உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும். இணைப்பில் வாஷர் தேய்ந்திருந்தால் காற்று இழுக்கும், வெளியே வரும் தண்ணீர் விட்டுவிட்டு நுரையோடு வரும். உறிஞ்சும் குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வு தண்ணீருக்குள் குறைந்தது 30 செ.மீ. மூழ்கியிருக்க வேண்டும். பம்புக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவே உயரம் ஏழு மீட்டரைத் தாண்டினால் இப்படிப்பட்ட பம்ப் சரியாக இழுக்காது. மூன்று, குப்பை. குழாய் வாயில் உள்ள வடிகட்டியான ஸ்ட்ரெய்னரைக் கேரி பேக் ஒன்று போர்த்தினால் போதும், இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்கும், தண்ணீர் வராது. காய்கறி மார்க்கெட்டில் கிடைக்கும் பிளாஸ்டிக் தக்காளி கிரேட் ஒன்றைக் கொசுவலை சுற்றி இறக்கி, அதற்குள் ஸ்ட்ரெய்னரை வையுங்கள். அரை மணிக்கு ஒரு முறை வலையை உதற ஓர் ஆள் இருக்க வேண்டும்.

டீசல் மணிக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் ஆகும். இரண்டு நாளுக்கு 120 லிட்டர் கையில் இருக்கட்டும், பங்க்கே தண்ணீரில் நிற்கலாம். டேங்க் முழுக்க வற்றி நின்றால் டீசல் குழாயில் காற்று புகுந்து ஏர் லாக் ஆகும், இருட்டில் மெக்கானிக்கைத் தேட வேண்டியிருக்கும். கால் டேங்க் இருக்கும்போதே நிரப்புங்கள். ஆகஸ்டிலிருந்து வாரம் ஒரு நாள் பதினைந்து நிமிடம் தண்ணீரோடு ஓட்டுங்கள். மூடிய அறையிலோ ஷட்டர் இறக்கிய கடையிலோ இன்ஜினை வைக்கவே கூடாது. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தூங்குகிற மாதிரியே உயிர் போய்விடும்.

மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிட்டா சீக்கிரம் வடியுமே, ஏன் வேணாம்ன்றீங்க?

கழிவுநீர்க் குழாய் மழைநீருக்காகப் போட்டதல்ல. அதில் விட்டால் தாழ்வான தெருவில் இன்னொருவர் வீட்டுக் கழிப்பறை வழியாக மேலே வரும். திறந்த குழி கலங்கல் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது, நடந்துபோகும் குழந்தை உள்ளே போய்விடும். கழிவுநீர் அடைப்பு குடிநீர் வாரியத்தின் வேலை, அவர்களுடைய எண் 044-45674567. மூடி ஏற்கெனவே போயிருந்தால் ஆளுயரக் கம்பில் சிவப்புத் துணி கட்டி நட்டு, தடுப்பு வந்து சேரும்வரை அங்கேயே ஒருவர் நில்லுங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும், யார் சொன்னாலும், உள்ளே ஆளை இறக்காதீர்கள். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடும்போது மூக்கு அதை உணர்வதையே நிறுத்திவிடும். ‘நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்’ என்று நினைத்த நொடிதான் அதிக ஆபத்து. மயங்கியவரைத் தூக்க அடுத்தவர் இறங்கி, அவரும் மயங்கி, இப்படித்தான் ஒரே குழியில் இரண்டு மூன்று உயிர்கள் போகின்றன.

முழங்கால் தண்ணில கரண்ட் பாயுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

தெரிந்துகொள்ள வழியில்லை. டெஸ்டர் வைத்துப் பார்க்கும் வேலையும் உங்களுடையதல்ல. பில்லர் பாக்ஸ் தண்ணீரைத் தொட்டுவிட்டாலோ கம்பி அறுந்து கிடந்தாலோ, மின்கம்ப எண்ணைச் சொல்லி, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-இல் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். துண்டித்ததை மின்வாரிய ஊழியர் வாயால் சொல்லிக் கேட்கும்வரை பத்து மீட்டர் தள்ளியே நில்லுங்கள். தெருவிளக்கு அணைந்திருப்பது அத்தாட்சி ஆகாது. எங்கோ ஒரு வீட்டு ஜெனரேட்டரிலிருந்து பின்னோக்கி மின்சாரம் வரலாம்.

நடக்கும்போது காலில் சுருக்கென்று எறும்பு கடித்த மாதிரி இருந்தால் நின்றுவிடுங்கள். கால்களை ஒட்டி வைத்து, பாதத்தைத் தூக்காமல் தேய்த்தபடி வந்த வழியே திரும்புங்கள். அகலமாக எட்டு வைத்தால் இரண்டு காலுக்கும் நடுவே உள்ள மின்னழுத்த வித்தியாசம் உடம்பு வழியாகப் பாயும்.

சப்வேயை எப்போ மூடணும்? மேலதிகாரி சொல்ற வரைக்கும் காத்திருக்கணுமா?

முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். வியாசர்பாடி கணேசபுரம் சப்வே போன்ற பள்ளங்களில் சுவரில் 15 செ.மீ.க்கு மஞ்சள் கோடும் 30 செ.மீ.க்குச் சிவப்புக் கோடும் அடித்து, மஞ்சளைத் தொட்டால் மூடுவது என்று ஒரே முடிவாக வையுங்கள். 30 செ.மீ. தண்ணீர் சின்னக் காரை மிதக்கவைத்துவிடும். இரு முனையிலும் ஒரே நேரத்தில் தடுப்பு போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மூடினால் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர் நேராக உள்ளே இறங்குவார். ஆம்புலன்ஸ் எந்த மாற்றுவழியில் போக வேண்டும் என்பதை 108 கட்டுப்பாட்டு அறைக்கும் அப்போதே சொல்லுங்கள்.

புயல் காத்து நின்னுடுச்சு. இப்போ மரத்தை வெட்டப் போலாமா?

நின்றது புயலின் கண்ணாக இருக்கலாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரையைக் கடந்தபோது காற்று அடங்கி, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடித்தது. ஒரு பக்கம் சாய்ந்து வேர் தளர்ந்த மரம் மறுபக்கக் காற்றில்தான் விழும். புயல் முழுதாகக் கடந்துவிட்டது என்ற அறிவிப்பு வரும்வரை கூரைக்கு அடியிலேயே இருங்கள்.

வெட்டும்போது முதலில் மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள், பிறகுதான் கிளை. கம்பி சிக்கியிருந்தால் மேலே மின்சாரத்துக்குச் சொன்னதுதான் இங்கேயும். இரு முனையும் தாங்கி நடுவே தொங்கும் கிளையில் மேல்பக்கம் அழுந்தியும் கீழ்ப்பக்கம் விறைத்தும் இருக்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டுக் கீழிருந்து முடியுங்கள். ஒரு முனை மட்டும் தாங்கும் கிளைக்கு இது தலைகீழ். மாற்றி அறுத்தால் ரம்பம் இறுகிக்கொள்ளும், அல்லது கிளை துள்ளி முகத்தில் அடிக்கும்.

மணலி, எண்ணூர் பக்கம் கேஸ் லீக்னு சொன்னா எந்தப் பக்கம் ஓடணும்?

காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் ஓடவே கூடாது. கோயில் கொடி, கட்சிக் கொடி, மொட்டைமாடித் துணி எதுவானாலும் சரி, அது பறக்கும் பக்கம்தான் வாயு போகும். அந்தப் பக்கமும் போகாதீர்கள், ஆலையை நோக்கியும் போகாதீர்கள். காற்றுக்குக் குறுக்காக, இடமோ வலமோ போங்கள். வாயு நீண்ட வால் போலப் பரவும். அதன் அகலத்தைக் கடப்பது சுலபம், நீளத்தோடு போட்டி போட்டு ஓடுவது வீண். பருவமழைக் காலத்தில் பெரும்பாலும் வடகிழக்குக் காற்று, ஆனால் இரவில் தரையிலிருந்து கடலுக்கு வீசலாம். காலையில் பார்த்த திசையை நம்பி இரவில் ஆட்களை அனுப்பாதீர்கள்.

வாயுவுக்கு வாயு நடத்தை மாறும். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், சமையல் வாயுவும் கனம். இரண்டும் பள்ளத்திலும் வடிகாலிலும் தங்கும். குளோரின் என்றால் மாடிக்கு ஏறுவது நல்லது. சமையல் வாயு என்றால் ஸ்விட்சையே தொடக் கூடாது. அம்மோனியா இயல்பில் காற்றைவிட லேசு. ஆனால் குளிரூட்டிய திரவமாகக் கசிந்தால் வெண்புகையாகத் தரையோடு ஊரும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் தூக்கத்தில் எழுந்து ஓட வேண்டியிருந்தது. அம்மோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும். ஈரத்துணியை மூக்கில் வைத்தால் உள்ளே போவது குறையும். கண் எரிந்தால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும்.

வெளியே ஏற்கெனவே புகை சூழ்ந்துவிட்டால், கதவு ஜன்னலை அடைத்து, ஈரத்துணியை இடுக்கில் திணித்து, ஏசியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்தி உள்ளேயே இருப்பது மேல். அபாயகரமான இரசாயனங்களுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆலைக்கு வெளியே உள்ள மக்களுக்கான அவசரத் திட்டத்தின் ஒத்திகை ஆண்டுக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும். உங்கள் வார்டு அதில் சேர்ந்திருக்கிறதா என்று மண்டல அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். ஆலைச் சங்கு எத்தனை முறை ஊதினால் என்ன அர்த்தம் என்று கேட்டு, வரைபடத்தின் ஓரத்தில் எழுதுங்கள். அது தெரியாத ஊழியரால் மக்களுக்கு ஒன்றும் சொல்ல முடியாது.

வெள்ளத் தண்ணியோட ஆயில் கலந்து வந்தா சாதாரணமா க்ளீன் பண்ணலாமா?

கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவி, படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுத்துப்போனது. வெறுங்கையால் வாளியில் அள்ளியவர்களுக்குத் தோல் எரிச்சலும் தலைச்சுற்றலும் வரும். நைட்ரைல் கையுறை, முழங்கால் வரை பூட்ஸ், ஆவி வடிக்கும் கேட்ரிட்ஜ் உள்ள முகமூடி வேண்டும். துணி முகமூடி எண்ணெய் ஆவியைத் தடுக்காது. தோலில் பட்டதைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு சோப்பால் கழுவுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்க்காதீர்கள். பீடி, அடுப்பு, வெல்டிங் எதுவும் அருகில் கூடாது. துடைத்த துணியையும் சாக்கையும் சாதாரணக் குப்பை வண்டியில் போடாமல் தனியாக டிரம்மில் மூடி வையுங்கள்.

ஒரு ஸ்கூல்ல எத்தனை பேரைத் தங்க வைக்கலாம்?

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் குறைந்தபட்ச அளவு ஓர் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர். இருபதுக்கு இருபதடி வகுப்பறை சுமார் 37 சதுர மீட்டர், அதாவது பத்துப் பேர். நாற்பது பேரை அடைப்பது நமக்குப் பழகிப்போயிருக்கலாம். ஆனால் சொறியும் சளியும் வயிற்றுப்போக்கும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர், 30 பேருக்கு ஒரு கழிப்பறை. இந்தக் கணக்கைச் செப்டம்பரிலேயே போட்டால், இரண்டாவது கட்டடம் வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பெண்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கும், கதவில் உள்தாழ்ப்பாளும் இருக்கிறதா என்று பெண் ஊழியர் ஒருவர் இரவில் நடந்து பார்க்கட்டும். பகலில் பார்த்தால் தெரியாது. பதிவேட்டில் பெயர், வயதோடு ‘தினமும் சாப்பிடும் மாத்திரை’ என்று ஒரு கட்டம் போடுங்கள். சர்க்கரை, பிரஷர், காசநோய், வலிப்பு மாத்திரைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம். இரண்டாம் நாள் காலைக்குள் மருந்து வந்தாக வேண்டும்.

ப்ளீச்சிங் பவுடர் எவ்ளோ போடணும்? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

குடிநீருக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராமில் தொடங்குங்கள். 5,000 லிட்டர் சம்ப் என்றால் 20 கிராம், தராசில் நிறுத்து. வாளித் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி கழித்துக் குளோரோஸ்கோப்பில் பாருங்கள். மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.5 மி.கி. இருக்க வேண்டும். குறைந்தால் இன்னும் கொஞ்சம். அளவு ஆளுக்கு ஆள் மாறுவதற்குக் காரணம் பவுடரின் வீரியம்தான். புதுசில் 33 சதவீதம் குளோரின் இருக்கும், ஈரம் பட்ட திறந்த மூட்டையில் பாதிகூட இருக்காது. அதனால் கிராமைவிட சோதனையை நம்புங்கள்.

தரை கழுவ லிட்டருக்கு 15 கிராம். ஆனால் முதலில் சேற்றை வழித்துவிட வேண்டும். சேறு குளோரினைத் தின்றுவிடும். தெருவோரம் ஈரச் சேற்றின் மேல் வெள்ளைக் கோடு போடுவதால் கிருமி சாவதில்லை, மூட்டைதான் காலியாகிறது. கழிப்பறை ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள். மேலே சொன்ன அதே குளோரின் வாயு முகத்துக்கு நேரே கிளம்பும்.

கான்ட்ராக்ட்ல தூய்மைப் பணி பண்றோம். எங்களுக்கு பூட்ஸ் குடுத்தாலும் உள்ள தண்ணி போயிடுது, கழட்டிட்டுத்தான் வேலை செய்யறோம். தப்பா?

தப்பு உங்களுடையதல்ல, பூட்ஸின் உயரமும் சைஸும்தான். முழங்கால் தண்ணீரில் முழங்கால் பூட்ஸ் வாளியாகிவிடும். ஆழமான இடத்துக்குத் தொடைவரை வரும் ‘வேடர்’ பூட்ஸ் கேளுங்கள். கணுக்கால் அளவுக்கு பூட்ஸ் போதும். பெண்களுக்கு 4, 5 நம்பர் சைஸ் தனியாக வாங்கிவைக்கச் சொல்லி மேற்பார்வையாளர் எழுத வேண்டும். ஒப்பந்த ஊழியர்தான் முதலில் தண்ணீரில் இறங்குகிறார். எனவே பயிற்சியும் தடுப்பூசியும் முதலில் அவருக்கு.

எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சின்ன வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். காயத்தை நீர்புகாத பிளாஸ்திரியால் மூடுங்கள். வாரம் ஒரு முறை டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுக்கும் வழக்கம் உண்டு. அதை மருத்துவ அலுவலர் சொன்னால் மட்டும், கர்ப்பிணி என்றால் சொல்லிவிட்டு. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், தண்ணீரில் வேலை செய்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். டி.டி. ஊசி போட்ட தேதியை அடையாள அட்டையின் பின்னால் எழுதிவையுங்கள்.

தண்ணில மூழ்கினவரைத் தூக்கிட்டோம். வயித்தை அமுக்கித் தண்ணியை எடுக்கணுமா?

வேண்டாம். வயிற்றை அமுக்கினால் வாந்தி நுரையீரலுக்குள் போகும். மூச்சு இல்லையென்றால் தலையை லேசாகச் சாய்த்து மூக்கைப் பிடித்து இரண்டு முறை வாயோடு வாய் ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று தொடருங்கள். ஆழம் 5 முதல் 6 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுங்கள், கை தளர்ந்தால் ஆழம் குறையும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரும்.

சுனாமின்னா?

கரையில் நிற்க முடியாத அளவு நிலம் நடுங்கினாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ எந்த அறிவிப்புக்கும் காத்திருக்காமல் மேற்கே, உயரமான இடத்துக்கு. 2004 டிசம்பர் 26-இல் சுமத்ரா நடுக்கத்துக்கும் சென்னைக் கரையில் அலை வந்ததற்கும் நடுவே சுமார் இரண்டரை மணி நேரம் இருந்தது. அன்று எச்சரிக்கை மையம் இல்லை. இன்று ஹைதராபாத்தில் இருக்கிறது. அதனால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒலிபெருக்கி எங்கே, யார் பேசுவது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். முதல் அலை போனதும் படகைப் பார்க்க யாரையும் திரும்ப விடாதீர்கள். அடுத்தடுத்த அலைகள் பெரிதாக இருக்கலாம்.

என் வீட்டுலயே தண்ணி. புள்ளைங்க தனியா இருக்காங்க. நான் டூட்டிக்கு வரலன்னா நடவடிக்கை எடுப்பாங்களா?

சட்டப்படி பார்த்தால், பேரிடர் மேலாண்மைச் சட்டம் 56-வது பிரிவு, ஒப்படைத்த கடமையைச் செய்ய மறுக்கும் அலுவலருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்க வழி செய்கிறது. மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி இருந்தாலோ வேறு சட்டப்படி ஏற்கத்தக்க காரணம் இருந்தாலோ அது பொருந்தாது. ஆகவே சொல்லாமல் வராமல் இருக்காதீர்கள். நிலைமையை எழுதி அனுப்புங்கள், குறுஞ்செய்தியாக இருந்தாலும்.

ஆனால் இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் மட்டும் பதில் தேடக் கூடாது. பிள்ளைகள் பத்திரமாக இல்லாத தாயால் முகாமில் மனம் வைத்து வேலை செய்ய முடியாது. ஒவ்வொரு ஊழியரும் தன் வீட்டுக்கு ஒரு பக்கத் திட்டம் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும்: ஆரஞ்சு அறிவிப்பு வந்ததும் பிள்ளைகளும் பெரியவர்களும் எந்த உறவினர் வீட்டுக்குப் போவார்கள், யார் கூட்டிப் போவார், அந்த வீடு மேட்டில் இருக்கிறதா. போக இடமில்லாதவர்களின் குடும்பத்துக்கு முகாமில் முதல் அறையை ஒதுக்குங்கள். இதைச் செய்யும் வார்டில் வருகைப் பிரச்சினை பெரும்பாலும் எழாது.

ட்ரெயினிங் உண்மையிலேயே வேலைக்கு ஆகுதான்னு எப்படிப் பாக்கறது?

தேதி சொல்லாமல் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு ஒத்திகை வையுங்கள், கைபேசி வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொண்டு. முகாம் பள்ளியின் பூட்டு எத்தனை நிமிடத்தில் திறக்கிறது, பம்ப் எத்தனை முயற்சியில் கிளம்புகிறது, பட்டியலில் உள்ள முதல் படுக்கை நோயாளியின் வீட்டுக் கதவை எத்தனை மணிக்குத் தட்டினார்கள் என்று மூன்று நேரத்தைக் குறியுங்கள். சாவி வேறொரு பீரோவில் இருக்கும், டார்ச்சில் பேட்டரி இருக்காது, நோயாளி வீடு மாறியிருப்பார். யாரையும் திட்டாதீர்கள். தவறு இப்போதே தெரிந்ததற்குத்தான் ஒத்திகை. மறுநாளே சரிசெய்து, பதினைந்து நாளில் இன்னொரு இரவு, வேறு ஆட்களை வைத்து அதே மூன்று நேரத்தையும் எடுங்கள்.